நான்காம் இலக்கத்தவனை நீக்கலாமா?

கேள்வி: கொழும்பில் ஒரு தமிழ்க் கல்லூரியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். பாடசாலை நாட்களில் வலைப்பந்தாட்டம் ஆடியவள் என்பதால் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியையாக என்னை நியமித்தார்கள். பயிற்றுவிப்பாளர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். எங்கள் பொயின்ட் கார்ட், அதாவது பந்தை முன்னே கொண்டுசெல்பவன், 4ஆம் இலக்கச் சட்டை அணிபவன். அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். வேகமானவன். ஆனால் உயரம் குறைவு. தூரத்திலிருந்து எறிந்தால் பந்து விழுவதில்லை. எதிரணியினர் அவனைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கடைசிப் போட்டியில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம். இறுதி நிமிடத்தில் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தான். மூன்று புள்ளிகளால் தோற்றோம். 9ஆம் இலக்கத்தவன் கீழ்ப் பிரிவிலிருந்து வந்தவன், உயரமானவன், மூன்று புள்ளி எறிதலில் கெட்டிக்காரன். அவனைக் கார்ட் ஆக்கி 4ஆம் இலக்கத்தவனை நீக்கும்படி பழைய மாணவர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். அணிக்குச் சப்பாத்து வாங்கித் தருபவரும் அவர்களில் ஒருவர். பயிற்றுவிப்பாளர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். ஐந்து போட்டிகளின் பதிவுத் தாள்களையும் கடைசி இரண்டு போட்டிகளின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறேன். வைத்திருப்பதா, மாற்றுவதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

4ஆம் இலக்கத்தவனை நீக்க வேண்டாம். முதல் ஐவரில் அவன் இருக்கட்டும். பந்தை முன்னே கொண்டுசெல்லும் பொறுப்பும் அவனிடமே இருக்கட்டும். ஆனால் அந்தப் பொறுப்பை அவன் ஒருவனே சுமக்கும்படி விட்டிருப்பதை இந்த வாரமே நிறுத்துங்கள். 9ஆம் இலக்கத்தவனை அவனுடைய இடத்தில் அல்லாமல் அவனுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாளை பழைய மாணவர்கள் கேட்கும்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எல்லாரும் பேசுவது அந்தக் கடைசி நிமிடத்தைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன். வீடியோவில் அந்தப் பகுதியைப் பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிரணி ஒரு கூடை போட்டு இடைவெளியை ஒரு புள்ளியாகக் குறைக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து பந்து 4ஆம் இலக்கத்தவன் கைக்கு வருகிறது. உடனே இரண்டு பேர் அவனை நெருங்குகிறார்கள். பந்தை அவனிடம் எறிந்த மாணவன் திரும்பிப் பார்க்காமல் முன்னே ஓடிவிடுகிறான். மற்ற மூவரும் ஏற்கெனவே நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேரின் முதுகுதான் பந்தை நோக்கி இருக்கிறது. அவன் என்ன செய்வான்? 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். பக்கக்கோட்டை ஒட்டி ஓடுகிறான், கோட்டைக் கடக்கிறான், கடந்தவுடன் மூலையில் அடைபடுகிறான். பின்னால் போனால் விதிமீறல். பக்கத்தில் போனால் பந்து வெளியே. தலைக்கு மேலாக எறிகிறான், பறிபோகிறது. இரண்டாவது முறையும் அதே கதைதான். இம்முறை நடுக்கோட்டை எட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இப்போது அந்தப் போட்டியின் பதிவுத் தாளை எடுத்துப் பாருங்கள். அணியின் பெயருக்குக் கீழே டைம் அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கும் இடைவேளை, குறிக்கும் சிறு கட்டங்கள் இருக்கின்றன. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிப்படி முதற்பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. எடுத்த டைம் அவுட்டுக்கு நிமிடத்தை எழுதுவார்கள். எடுக்காமல் விட்ட கட்டத்தில் இரண்டு கிடைக்கோடுகள் போடுவார்கள். உங்கள் அணியின் இரண்டாம் பாதிக் கட்டங்களில் இரண்டில் கோடுகள் கிடக்கின்றன. அதாவது அந்த இறுதி நிமிடத்தில் உங்கள் கையில் இரண்டு டைம் அவுட்கள் மிச்சமிருந்தன.

இது ஏன் முக்கியம் என்றால், நான்காவது காற்பகுதியின் கடைசி 2 நிமிடங்களுக்கென்று ஒரு தனி விதி இருக்கிறது. தன் பாதியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டிய அணி டைம் அவுட் எடுத்தால், எதிர்ப்பாதியில் இருக்கும் எறிகோட்டிலிருந்தே ஆட்டத்தைத் தொடரும்படி அதன் பயிற்றுவிப்பாளர் கேட்கலாம். எதிரணி கூடை போட்டவுடன் டைம் அவுட் கேட்கும் உரிமை, கூடை வாங்கிய அணிக்கு உண்டு. கேட்டிருந்தால் உங்கள் பிள்ளைகள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. முழுக்கள நெருக்கடிக்கு அங்கே இடமே இல்லை. அப்படி முன்னே கொண்டுபோய் உள்ளே எறிந்தால், கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டிய நேரம் 24 விநாடியாக இராது, 14 விநாடிதான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. நம் விதிகளில் டைம் அவுட் கேட்கக்கூடியவர்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளரும் முதல் உதவிப் பயிற்றுவிப்பாளரும் மட்டுமே. தொலைக்காட்சியில் அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ. ஆட்டங்களில் வீரரே நடுவரைப் பார்த்துக் கேட்பதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். இங்கே உங்கள் 4ஆம் இலக்கத்தவன் நினைத்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது. மூலையில் அடைபட்ட அந்தப் பையனை விடுவிக்கக்கூடியவர்கள் வாங்கில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மட்டுந்தான். உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு பதினெட்டு வயதுப் பையனின் தலையில் முழுப் பழியையும் வைத்து அவனை வெளியேற்றிய பிறகு, அடுத்த போட்டியின் கடைசி நிமிடத்திலும் அதே இரண்டு கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அடுத்ததாக, பதிவுத் தாளை வைத்து ஒரு கார்ட்டை எடைபோடுவது பற்றி. அந்தத் தாளில் யார் எத்தனை புள்ளி போட்டார், யாருக்கு எத்தனை பவுல் என்பதுதான் இருக்கும். யார் கொடுத்த பந்தில் கூடை விழுந்தது, யார் எதிரணியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார், யார் வேகமாகத் திரும்பி ஓடி ஓர் எளிய கூடையைத் தடுத்தார் என்று எதுவும் இராது. பணம் புரளும் என்.பி.ஏ.யிலேயே வீரர் வாரியாகப் பந்து இழப்பை எண்ணத் தொடங்கியது 1977–78 பருவத்தில்தான். தாளில் உங்கள் கார்ட்டின் பெயருக்கு எதிரே இரண்டு கூடைகளும் மூன்று பவுல்களும் மட்டும் இருக்கும்போது, அவனை ஒன்றும் செய்யாதவன் என்று நினைப்பது இயல்பு. அவன் செய்வதில் பெரும்பகுதி அந்தத் தாளில் ஏறுவதில்லை.

பந்து இழப்பை மட்டும் பழைய மாணவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் எண்ணிக்கையோடு வகையும் வேண்டும். இரண்டு வீடியோக்களிலும் 4ஆம் இலக்கத்தவன் பேரில் விழக்கூடிய இழப்புகள் 11. அவற்றில் 7, நான் மேலே விவரித்தது போல இரண்டு பேர் சூழ, உதவிக்கு ஒருவரும் வராத இடங்களில் நடந்தவை. இரண்டு, அவன் சரியாகக் கொடுத்த பந்தை வளையத்துக்குக் கீழே நின்றவன் கைநழுவ விட்டவை. மீதி இரண்டுதான் முழுக்க அவனுடைய தவறு: ஒன்று காலடி விதிமீறல், மற்றது எதிரே ஒருவன் மட்டும் நிற்கும்போது அலட்சியமாகத் தட்டியது. நீங்கள் கணித ஆசிரியை. 11ஐ வைத்து முடிவெடுப்பதற்கும் 2ஐ வைத்து முடிவெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நீங்கள் வலைப்பந்தாட்டம் ஆடியவர் என்பது பெரிய பலம். அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தவர் 3 விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். ஆகவே பந்து கையில் இல்லாத ஆறு பேரும் ஓயாமல் இடம் மாறித் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் உடம்பிலேயே ஊறியிருக்கும். 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை அணி ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது, வளையத்துக்கு அடியில் நின்ற தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைத்தான் எல்லாரும் பேசினோம். அந்த உயரத்துக்குப் பந்து போய்ச் சேர்ந்ததில் நடுக்களத்தில் ஓடியவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். கூடைப்பந்தாட்டத்தில் தட்டிக்கொண்டு ஓட அனுமதி இருப்பதால், கெட்டிக்காரன் ஒருவன் கையில் பந்து போனால் மற்ற நால்வரும் அவன் பார்த்துக்கொள்வான் என்று நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் அணியின் நோய் அதுதான். அந்த நோய் கார்ட்டை மாற்றினால் குணமாகாது.

குணமாக்கும் வழி கடினமானதல்ல. இரண்டு பயிற்சி நாட்கள் இதற்கே ஒதுங்கட்டும். எதிரணி நெருக்கும்போது பந்து வைத்திருப்பவனுக்கு எப்போதும் மூன்று இடங்களில் ஆள் தெரிய வேண்டும்: பின்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன், களத்தின் நடுவில் ஒருவன். நடுவில் வர வேண்டியவன் உங்கள் உயரமான சென்டர். அவன் முன்னே ஓடி வளையத்துக்குக் கீழே காத்திருப்பதை விட்டு, பந்தை நோக்கித் திரும்பி நடுவட்டத்துக்கு வர வேண்டும். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிபவன், எறிந்தவுடன் களத்துக்குள் வந்து பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். இந்த வேலைக்கு 9ஆம் இலக்கத்தவன் மிகப் பொருத்தமானவன். உயரமானவன், நெருக்குபவர்களின் கைகளுக்கு மேலாகப் பார்த்து எறிவான். எதிரணி கூடை போட்ட பிறகு எறியும்போது அவன் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை, எல்லைக்கோட்டுக்கு வெளியே அதன் நீளத்துக்கு ஓடலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பல பாடசாலைப் பிள்ளைகள் கால் ஊன்றிய இடத்திலேயே நின்று திணறுகிறார்கள். 4ஆம் இலக்கத்தவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நடுக்கோட்டைப் பக்கக்கோட்டு மூலையில் கடக்காதே. அங்கே தட்டுவதை நிறுத்தினால் அவ்வளவுதான். நடுவழியாகக் கடக்க முடியாவிட்டால், கடப்பதற்கு முன்பே பந்தைப் பின்னால் நிற்பவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

பயிற்சியில் நெருக்குபவர்கள் ஐந்து பேராக இராமல் ஏழு பேராக இருக்கட்டும். அதைச் சமாளித்துப் பழகினால் போட்டியில் ஐந்து பேர் குறைவாகத் தெரிவார்கள்.

இனி 9ஆம் இலக்கத்தவனைப் பற்றி. அவன் எறியும் விதம் அழகாக இருக்கிறது. முழங்கை நேராக, மணிக்கட்டு இறுதிவரை கீழே மடிந்து வருகிறது. யாரோ நல்லபடியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முதல் வீடியோவின் மூன்றாவது காற்பகுதியைப் பாருங்கள். 4ஆம் இலக்கத்தவனுக்கு நான்கு பவுல் ஆகிவிட்டதால் அவனை வெளியே எடுத்துவிட்டு 9ஆம் இலக்கத்தவனிடம் பந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். உயரமான பையன், பந்தை இடுப்பளவு உயரத்தில் தட்டுகிறான். எதிரே நிற்பவனுக்குக் கை நீட்டினால் எட்டுகிறது. இரண்டு முறை 8 விநாடி முடிந்து பந்து எதிரணிக்குப் போகிறது. அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது வேறு. அந்தக் காற்பகுதியில் அவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு முறைகூட எறியவில்லை. பந்தைக் கொண்டுவருவதிலேயே களைத்துவிட்டான். அவனுக்குப் பந்து கொடுக்கவும் வேறு ஆள் இல்லை. அவனைக் கார்ட் ஆக்கினால் நீங்கள் இழப்பது 4ஆம் இலக்கத்தவனை மட்டுமல்ல. அணியின் சிறந்த எறியாளனையும் இழக்கிறீர்கள். பழைய மாணவர்களின் யோசனையில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்.

எதிரணி 4ஆம் இலக்கத்தவனை விட்டுவிட்டு மற்றவர்களைச் சூழ்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை, மிக உயர்ந்த மட்டத்திலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. 2008 என்.பி.ஏ. இறுதித் தொடரில் பொஸ்டன் அணியின் கார்ட் ராஜோன் ரொன்டோ, அப்போது 22 வயது. தூர எறிதல் அவருக்குக் கைவராத கலை. லொஸ் ஏஞ்சல்ஸ் அணி அவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்களை அடைத்தது. நான்காவது ஆட்டத்தில் பொஸ்டன் 24 புள்ளிகள் பின்தங்கியது. பயிற்றுவிப்பாளர் டொக் ரிவர்ஸ், ரொன்டோவை வாங்கில் உட்காரவைத்து, தூரத்திலிருந்து எறியக்கூடிய எடி ஹவுஸை இறக்கினார். பொஸ்டன் மீண்டெழுந்து 97–91 என வென்றது. அன்றைய இரவோடு ரொன்டோவின் கதை முடிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். ஆனால் ரிவர்ஸ் அவரைக் கைவிடவில்லை. கிண்ணத்தை முடிவுசெய்த ஆறாவது ஆட்டத்தில் ரொன்டோ 21 புள்ளிகள் எடுத்தார், 8 கூடைகளுக்குப் பந்து கொடுத்தார், 6 முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தார். பொஸ்டன் 131–92 என வென்றது.

ரிவர்ஸ் இரண்டையும் செய்தார். ஓர் ஆட்டத்தில் மாற்றினார், தொடர் முழுவதற்கும் வைத்திருந்தார். ஒரு போட்டியின் ஒரு கட்டத்துக்கு யார் பொருத்தம் என்பது ஒரு முடிவு. அணியின் கார்ட் யார் என்பது வேறு முடிவு. உங்களிடம் வற்புறுத்துகிறவர்கள் முதல் கேள்விக்குரிய பதிலை இரண்டாவதற்குக் கேட்கிறார்கள்.

4ஆம் இலக்கத்தவனைத் தனியே விடும் எதிரணியைத் தண்டிக்க ஒரு வழி உண்டு. அவனைக் காக்க வேண்டிய வீரன் அவனிடமிருந்து விலகி வளையத்தருகே போய் நிற்கிறான் அல்லவா? அப்படியானால் 4ஆம் இலக்கத்தவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 9ஆம் இலக்கத்தவனை நோக்கி நகர்ந்து, பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனைத் துரத்தி வருபவனின் பாதையில் தன் உடம்பை நிறுத்தட்டும். வழக்கமாக இந்த நேரத்தில் உதவிக்குப் பாய வேண்டியவன், 4ஆம் இலக்கத்தவனைக் காக்கும் அந்த வீரன்தான். அவனோ நாலைந்து மீற்றர் தள்ளி நிற்கிறான். வந்து சேர்வதற்குள் 9ஆம் இலக்கத்தவன் 6.75 மீற்றர்க் கோட்டுக்கு வெளியிலிருந்து நிம்மதியாக எறிந்துவிடுவான். எறியத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்டவனே எறியத் தெரிந்தவனுக்கு இடம் உண்டாக்கிக் கொடுப்பான். ஒரே தேவை, இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும்போது உடம்பை அசைக்கக்கூடாது என்பதையும் கண்டிப்பாகப் பழக்குங்கள். பவுல்களை எளிதில் சேர்த்துக்கொள்கிறவன் அவன்; ஐந்தாவது பவுலோடு ஆட்டம் முடிந்துவிடும்.

அவனுடைய எறிதலைப் பருவத்தின் நடுவில் மாற்ற முயலாதீர்கள். பரீட்சை முடிந்த பிறகு அதைத் திருத்தலாம். இப்போது மாற்றினால் உள்ள நம்பிக்கையும் போய்விடும். எதிரணியின் பவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ப்ரீ த்ரோவை மட்டும் நாள்தோறும் பயிற்சியின் முடிவில், களைப்போடு எறியச் சொல்லுங்கள். எறிதல் பலவீனம் என்று தெரிந்த கார்ட் மீது கடைசி நேரத்தில் வேண்டுமென்றே பவுல் செய்வார்கள்.

களைப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த 11 இழப்புகளில் 8 இரண்டாம் பாதியில் நடந்தவை. வீடியோவில் நிழல்களைப் பார்த்தால் பாடசாலை விட்டவுடன், வெயில் தணியாத நேரத்தில், திறந்த சீமெந்துத் தளத்தில் ஆடுகிறார்கள். கொழும்பின் புழுக்கத்தில் இடைவிடாமல் பந்து கொண்டுசெல்லும் எந்தக் கார்ட்டும் இறுதியில் பிழை விடுவான். இரண்டாவது காற்பகுதியின் முதல் நான்கு ஐந்து நிமிடங்களில் அவனை வெளியே எடுத்து ஓய்வு கொடுங்கள். அந்த நேரம் 9ஆம் இலக்கத்தவனுக்குப் பந்து கொண்டுசெல்லும் பள்ளிக்கூடம். எதிரணி இன்னும் கடுமையாக நெருக்கத் தொடங்காத நேரம், பிழை விட்டாலும் திருத்திக்கொள்ள ஆட்டம் மிச்சமிருக்கும். கடைசி இரண்டு நிமிடங்களில், உங்களுக்கு மூன்று புள்ளிகள் கட்டாயம் தேவையானால், 4ஆம் இலக்கத்தவனைத் தயங்காமல் வெளியே எடுங்கள். முன்னிலையைக் காக்க வேண்டுமானால், தயங்காமல் உள்ளே விடுங்கள்; பந்தைத் தடுப்பதில் உங்கள் அணியில் அவனுக்கு நிகரானவன் இல்லை.

நீக்கு என்று நானே சொல்லியிருக்கக்கூடிய நிலைமைகளும் உண்டு. பந்தைப் பறிகொடுத்த பிறகு திரும்பி ஓடாமல் நின்ற இடத்தில் கையை விரிப்பவனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். வெளியே எடுத்தபோது வாங்கின் கோடியில் போய்த் துவாயால் முகத்தை மூடிக்கொள்பவனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் பார்த்தது வேறு. பறிகொடுத்த இரண்டு முறையும் முதலில் திரும்பி ஓடியவன் அவன்தான். இரண்டாவது முறை ஏறக்குறைய எட்டிவிட்டான். மூன்றாவது காற்பகுதியில் வெளியே இருந்தபோது எழுந்து நின்று 9ஆம் இலக்கத்தவனுக்குக் கையால் வழி காட்டிக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட பிள்ளையைப் பயிற்சியால் உருவாக்க முடியாது. இருப்பவனைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே முடியும்.

அவனோடு பேசுங்கள். அணிப் பட்டியல் ஒட்டும் நாளில் அல்ல, அதற்கு முன்பே, தனியாக. தன்னை நீக்கப் பேச்சு நடக்கிறது என்பது இதற்குள் அவன் காதுக்குப் போயிருக்கும். பாடசாலையில் எதுவும் ஒளிவதில்லை. “தம்பி, நீ எங்கள் கார்ட். கடைசி நிமிடத்தில் டைம் அவுட் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். இனி உனக்குப் பின்னால் எப்போதும் ஒருவன் நிற்பான். மூலைக்குப் போவதை நீ விட வேண்டும். 9ஆம் இலக்கத்தவனுக்குப் பந்து கொண்டுசெல்ல நீதான் பழக்க வேண்டும்” என்று சொன்னால் போதும். அவனைத் தேற்றுவதற்காக அவனுடைய இரண்டு உண்மையான பிழைகளை மறைக்காதீர்கள். அவற்றை வீடியோவில் காட்டுங்கள். தன் பிழை எது, தன்மேல் சுமத்தப்பட்டது எது என்று பிரித்துக் காட்டப்பட்டால் பிள்ளைகள் நேர்மையாகவே ஏற்றுக்கொள்வார்கள்.

9ஆம் இலக்கத்தவனிடமும் அதே நாளில் பேசுங்கள். வெளியில் பெரியவர்கள் அவனை ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கலாம். மூத்தவனின் இடத்தைப் பறித்தவன் என்ற பெயரோடு அணிக்குள் நுழைவது அந்தச் சிறுவனுக்கும் நல்லதல்ல. முதல் ஐவரில் இன்னோர் இடத்தில் அவன் இறங்குகிறான் என்றால் யார் வெளியே போவது என்ற கேள்வி வரும். வீடியோவைப் பார்த்தவரையில், முன்னே ஓடிவிட்டுத் திரும்பிப் பார்க்காத அந்தப் பக்கவாட்டு வீரனின் இடம்தான் என் தெரிவு. அதைப் பயிற்றுவிப்பாளர் முடிவுசெய்யட்டும்.

பழைய மாணவர்கள் விடயத்தில் தயக்கம் வேண்டாம். சப்பாத்து வாங்கித் தருபவரின் அக்கறை உண்மையானது. அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் உதவியும் அணித் தெரிவும் ஒரே பேச்சில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தேவைப்பட்டால் அதிபர் முன்னிலையில் சொல்லுங்கள். அடுத்த போட்டிக்கு அவர்களில் ஒருவரை ஒரு தாளோடு உட்காரவைத்து, ஒவ்வொரு பந்து இழப்பின்போதும் மற்ற நான்கு பேர் எங்கே நின்றார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு போட்டிகள் குறித்தவர் மூன்றாவது போட்டியில் வேறு விதமாகப் பேசுவார்.

கூடைப்பந்தாட்டம் ஆடாத கணித ஆசிரியை இதையெல்லாம் முடிவுசெய்யலாமா என்ற கூச்சம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையில் தெரிகிறது. இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளைகள் கூடைப்பந்தாட்டத்தில் பெயர் எடுத்ததே பாடசாலைக்குள் அவர்களோடு நாள்தோறும் இருந்தவர்களால்தான். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி என்றால் இன்றும் நினைவுக்கு வருபவர், 1990 இல் காணாமற்போன அமெரிக்க யேசு சபைத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார். அவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்துபோனவர் அல்லர். 4ஆம் இலக்கத்தவன் வகுப்பில் எப்படி இருக்கிறான், வீட்டில் என்ன நிலைமை, எந்த நாளில் தனியார் வகுப்பு முடிந்து காலி வீதியில் பஸ் பிடித்து இரவு எத்தனை மணிக்கு வீடு சேர்கிறான் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வந்துபோகும் பயிற்றுவிப்பாளருக்குத் தெரியாது.

அந்தத் தனியார் வகுப்புகள்தான் என் கடைசி விடயம். உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க அவன் பயிற்சிக்கு வரும் நாட்கள் குறையும், குறையத்தான் வேண்டும். பருவத்தின் பிற்பகுதியில் சில போட்டிகளுக்கு அவன் இல்லாமலே போகலாம். அவனுடைய பெற்றோரை இப்போதே அழைத்து, எந்தப் போட்டிகளுக்கு அவன் கட்டாயம் வேண்டும், எந்த மாதத்துக்குப் பிறகு அவனைக் கூப்பிடமாட்டீர்கள் என்று நாட்காட்டியை வைத்துப் பேசிவிடுங்கள். அதற்குள் 9ஆம் இலக்கத்தவன் பந்தைத் தாழ்வாகத் தட்டவும் இடக்கையால் கொண்டுசெல்லவும் பழகியிருக்க வேண்டும். நாளைய பயிற்சியிலேயே அவன் வலக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 4ஆம் இலக்கத்தவன் எதிரே நின்று தடுக்க, களத்தின் முழு நீளத்துக்கும் பந்தைக் கொண்டுபோகட்டும். டைம் அவுட் கேட்பது யார், எப்போது என்பதையும் பயிற்றுவிப்பாளரோடு பேசித் தீர்த்து, பயிற்றுவிப்பாளர் வரமுடியாத நாட்களில் அந்த உரிமை உங்களுக்கு இருக்கும்படி போட்டிக்கு முன் தாளில் உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.